இனேஸ் ஒமாஹாவுக்கு வந்த சனிக்கிழமை

அத்தியாயம் 14

விமானம் ஒன்பது நாற்பதுக்குத்தான். டேலியா எட்டே முக்காலுக்கே வந்து, வெளியே வருகிறவர்களைப் பார்க்க வசதியான ஒரு தூணோரமாக நின்றுகொண்டாள்.

மதியம் ஒரு மணிக்குக் கால்பந்து ஆட்டம். இந்த நேரத்தில் அவள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். போன நவம்பர் அரையிறுதியில் முழங்கால் ஜவ்வு கிழிந்த பிறகு, இன்றுதான் பயிற்சியாளர் பெக்மன் அவளை முதல் பதினோரு பேரில் சேர்த்திருக்கிறார். பதினோரு மாதம் ஐஸ் கட்டியோடும் இரும்புக் குண்டோடும் மல்லுக்கட்டிக் காத்திருந்த நாள் இது. அதே நாளில் மகளும் வருகிறாள்.

புதன்கிழமை தங்கை கிராசா போனில் சொன்னது மிகக் கொஞ்சம். "இனேஸைக் கூட்டிட்டு வர்றேன். உன்கிட்ட ஒண்ணு பேசணும்." என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். அந்த நேரம் முதல் டேலியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இனேஸ் பிறந்தபோது டேலியாவுக்கு இருபத்தாறு வயது. அப்பன் ட்ராவிஸ், குழந்தை குப்புற விழுவதற்கு முன்பே அலாஸ்காவில் கப்பல் வேலை என்று கிளம்பினான். அதோடு சரி. குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது தெற்கே ஓர் அணி டேலியாவைக் கூப்பிட்டது. "ஒரே ஒரு சீசன்தானே, நான் பாத்துக்கறேன், நீ போ" என்றாள் கிராசா. அவளுக்கும் கணவன் டுவார்ட்டேவுக்கும் குழந்தை இல்லை. ஒரு சீசன் ஆறு சீசனாகிவிட்டது.

தெற்கே ஓர் ஊர், மேற்கே ஓர் ஊர், இப்போது நடுவில் இந்த ஒமாஹா. எங்கே போனாலும் டேலியா இரண்டு படுக்கையறை உள்ள வீடாகவே பார்த்து எடுத்தாள். இரண்டாவது அறையில் சைக்கிளும் பழைய பூட்ஸுகளும் இருந்தன. டிசம்பரில் கிராசா இருக்கும் ஃபால் ரிவருக்குப் போய் ஆறு வாரம் மகளோடு இருப்பாள். போன குளிர்காலம் ஆபரேஷன் முடிந்து கட்டோடு கிடந்ததில் அதுவும் போயிற்று.

இந்த வாரம் அந்த அறையைக் காலி செய்தாள். ஒரு சின்னக் கட்டில் வாங்கி, இரண்டு நாள் மல்லாடி, தானே திருகாணி முடுக்கி நிறுத்தினாள். ஊதா நிற விரிப்பு போட்டாள். இனேஸுக்கு ஊதா என்றால் உயிர்.

கூட்டத்தில் முதலில் கிராசாவின் தலை தெரிந்தது. அவள் இடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை. டேலியா ஒரு நொடி வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். கால் நீண்டிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள்.

"போ, மாயிக்கு ஒரு முத்தம் குடு" என்று கிராசா முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவர்கள் வீட்டில் அம்மாவுக்கு மாயி, சித்திக்குத் தியா.

இனேஸ் இரண்டடி முன்னால் வந்தாள். கையை நீட்டினாள். டேலியா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பிளேன்ல தூங்கினியா?"

"கொஞ்சம்" என்றாள் குழந்தை. பிறகு திரும்பி, "மம்மி, ஒண்ணுக்கு வருது" என்றாள்.

கிராசாவின் முகம் சிவந்துவிட்டது. "தியா" என்றாள் மெதுவாக.

"தியா, ஒண்ணுக்கு வருது" என்றாள் இனேஸ், டீச்சர் திருத்தியதும் மறுபடி ஒப்பிக்கிறவள் மாதிரி.

குழந்தை கழிப்பறைப் பக்கம் ஓடியபோதுதான் டேலியா அவள் சட்டையின் முதுகைப் பார்த்தாள். ஒமாஹா அணியின் சட்டைதான். வருடா வருடம் டேலியா அனுப்பிவைப்பது மூன்றாம் எண், தன்னுடைய எண். இது ஒன்பது. முன்களத்தில் ஆடும் கியானா வில்க்ஸின் எண்.

"அவளே கேட்டு வாங்கினா" என்றாள் கிராசா. "கிளாஸ்ல எல்லாரும் வில்க்ஸ் வில்க்ஸ்னு பறக்குதுங்க. தப்பா எடுத்துக்காத."

"இதுல என்ன தப்பு? கோல் போடறவ சட்டையத்தான் எல்லாரும் போடுவாங்க." டேலியா சுற்றிப் பார்த்தாள். "பெட்டி எங்க?"

"பெட்டி ஏது? இந்தப் பைதான். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பறோமே. நாளைக்கு எங்க பேக்கரியில ஆளில்ல, சர்ச்சுல பூசை விட்டதும் மலசாடா பணியாரத்துக்கு வரிசை தெருமுனை வரைக்கும் நிக்கும். சொன்னேனே உன்கிட்ட."

சொல்லவில்லை.

"ஆமா, சொன்னே" என்றாள் டேலியா.

•

வீட்டில் கிராசா பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பு ரொட்டியை எடுத்து வெட்டினாள். ஆட்டத்துக்கு முன்னால் டேலியா வாழைப்பழமும் சோறும் தவிர எதுவும் தொடுவதில்லை. இன்று ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இனேஸ் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். இரண்டாவது அறை வாசலில் நின்றாள்.

"இது யாரோட ரூம்?"

"உன்னோடது."

குழந்தை சட்டென்று கிராசாவைத் திரும்பிப் பார்த்தாள். "நான் இங்க தூங்கணுமா?"

"இல்லடா. நாம சாயங்காலம் போயிடுவோம்."

"சும்மாத்தான் போட்டேன்" என்றாள் டேலியா. "எப்ப வந்தாலும் இருக்கட்டும்னு. விரிப்பு புடிச்சிருக்கா? ஊதா."

இனேஸ் கட்டிலின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். "நல்லாருக்கு. ஆனா ஊதாவெல்லாம் எனக்குச் சின்ன வயசுல புடிக்கும்."

ஏழு வயதுக்காரி சொன்னதைக் கேட்டுக் கிராசா சிரித்தாள். டேலியாவும் சிரித்தாள். குழந்தையைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்துவிட்டு இருவரும் சமையலறைக்கு வந்தார்கள்.

"சொல்லு" என்றாள் டேலியா.

"ஆட்டம் முடியட்டும்."

"கிராசா, என்னைப் பாரு. இப்பவே பாதி உயிர் போயிடுச்சு. மீதியும் மைதானத்துல போகணுமா?"

கிராசா கத்தியைக் கழுவினாள். துடைத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஆகஸ்ட்ல அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆச்சுல்ல. அன்னிக்கு நடந்த எல்லாத்தையும் நான் உன்கிட்ட சொல்லல. ஆஸ்பத்திரில ஃபாரத்தைக் குடுத்து அம்மாவான்னு கேட்டாங்க. சித்தின்னேன். அம்மாவோ அப்பாவோ கையெழுத்து போடணும்னுட்டாங்க. உனக்கு அடிச்சா நீ பிளேன்ல இருக்க. அவ வயித்தைப் புடிச்சிக்கிட்டுக் கத்தறா. நாலு மணி நேரம், டேலியா. கடைசில ஒரு பெரிய டாக்டர் வந்து, ஆனது ஆகட்டும்னு உள்ள கூட்டிட்டுப் போனார்."

"போன்ல ஒண்ணுமில்ல, நல்லாருக்கான்னு சொன்னியே."

"அப்ப நல்லாருந்தா. அதான் சொன்னேன்."



"அன்னிக்கு ராத்திரிதான் நானும் டுவார்ட்டேவும் உக்காந்து யோசிச்சோம்" என்றாள் கிராசா. "மீதியைச் சாயங்காலம் பேசலாம். மணி பதினொண்ணு ஆச்சு. நீ கிளம்பு."

•

எதிரணியான துல்சாவின் வலது ஓரத்தில் ஆடிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. காற்றாகப் பறந்தாள். டேலியாவின் வேலை தொண்ணூறு நிமிடமும் அவளை மறித்து நிற்பது.

முதல் இருபது நிமிடம் டேலியா முழங்காலைத்தான் ஆடினாள், பந்தை ஆடவில்லை. திரும்பும்போதெல்லாம் உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்கவில்லை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் அந்தப் பெண் அவளைத் தாண்டிப் போய்விட்டாள். நல்லவேளை, அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. கோல்கீப்பர் கத்தினாள். டேலியா கையைத் தூக்கி, தன் தப்பு என்று காட்டினாள்.

அதற்குப் பிறகு உடம்புக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெண் எந்தக் காலை முதலில் எடுப்பாள், எப்போது தோளைத் தாழ்த்துவாள் என்பது பிடிபட்டது. நாற்பதாவது நிமிடம், சரிந்து விழுந்து, பந்தை மட்டும் சுத்தமாகக் கொத்தி எடுத்தாள். மேற்கு வரிசையில் கைத்தட்டல் எழுந்தது. எழுந்திருக்கும்போது பன்னிரண்டாவது வரிசையைப் பார்த்தாள். கிராசா நின்று தட்டிக்கொண்டிருந்தாள். இனேஸ் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள்.

எழுபதாவது நிமிடம் அது நடந்தது. இடது ஓரம் காலியாகக் கிடந்தது. டேலியா ஓடினாள். பதினோரு மாதமாக ஓடாத ஓட்டம். கோட்டின் விளிம்புவரை போய், தலையைத் தூக்காமலே பந்தை உள்ளே வளைத்துவிட்டாள். வில்க்ஸ் எகிறித் தலையால் முட்டினாள். கோல்.

எட்டாயிரம் பேர் எழுந்தார்கள். எல்லோரும் வில்க்ஸ் மேல் போய் விழுந்தார்கள். டேலியா கொடிக் கம்பத்தருகே இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே பன்னிரண்டாவது வரிசையைத் தேடினாள். இனேஸ் இருக்கையின் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தாள். முதுகைத் திருப்பி, சட்டையின் ஒன்பதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

எழுபத்தெட்டாவது நிமிடம் பலகையில் மூன்றாம் எண் எரிந்தது. அவளுக்குப் பதிலாக, இந்த வருடம்தான் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பெண் உள்ளே ஓடினாள். பெக்மன் தோளில் ஒரு தட்டு தட்டினார். "போதும் இன்னிக்கு. நல்லா ஆடின." அவ்வளவுதான். அதற்குள் அவர் கண் மைதானத்துக்குத் திரும்பிவிட்டது. டேலியா பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டாள். அருகில் யாரும் இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது.

•

ஆட்டம் முடிந்ததும் குடும்பத்தினரைப் புல்தரைக்குள் விடுவார்கள். கோல்கீப்பரின் இரட்டைப் பிள்ளைகள் வலையைப் பிடித்துத் தொங்கின. யாரோ ஒருத்தியின் அப்பா காலணியைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார். இந்த நேரத்தில் டேலியா எப்போதும் குளிக்கப் போய்விடுவாள். இன்றைக்கு நின்றாள்.

கிராசாவின் கையைப் பிடித்துக்கொண்டு இனேஸ் வந்தாள்.

"நீங்க ஏன் கோல் போடல?"

"என் வேலை கோல் போடறது இல்ல. அவங்களைப் போட விடாம பண்றது."

இனேஸ் யோசித்தாள். "அது போர் அடிக்காதா?"

"சில நாள் அடிக்கும்."

"வில்க்ஸை உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குப் பக்கத்து அலமாரி அவளோடது."

குழந்தையின் கண் விரிந்தது. முதல் முறையாக அவளாகவே வந்து டேலியாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுக் கையெழுத்து வாங்கித் தர்றீங்களா?"

டேலியா நொண்டிக்கொண்டே அவளைக் கூட்டிப் போனாள். வில்க்ஸ் பேனாவை வாங்கிக் குனிந்தாள். "உன் பேர் என்ன கண்ணு? இனேஸா? நல்ல பேரு. எங்கேர்ந்து வர்ற?"

"ஃபால் ரிவர்."

"அம்மாடி, அவ்வளவு தூரத்துலேர்ந்தா? உனக்கு ஒண்ணு தெரியுமா, இன்னிக்கு அந்தப் பந்தைக் கொண்டாந்து என் தலையில வச்சதே இவங்கதான். நான் சும்மா முட்டினேன்." நிமிர்ந்து டேலியாவைப் பார்த்தாள். "உன் தங்கச்சி பொண்ணா?"

டேலியா வாயைத் திறப்பதற்குள் இனேஸே சொன்னாள். "இல்ல. இவங்க பொண்ணு நான்."

வில்க்ஸ் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நிஜமாவா? டேலியா, உனக்கொரு பொண்ணு இருக்கா?"

இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டியவள் கேட்கிற கேள்வி. டேலியா தலையை ஆட்டினாள். இரண்டடி தள்ளி நின்ற கிராசா அதைக் கேட்டுவிட்டாள் என்பது, திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

•

விமான நிலையம் போகும் வழியெல்லாம் கிராசா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இனேஸ் பின்சீட்டில் ஒன்பதாம் எண் சட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கையெழுத்து காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சோதனை வரிசைக்கு முன்னால் ஒரு பெஞ்சில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு, கிராசா அக்காவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனாள்.

"எங்க ஹால்ல உன் போட்டோ மாட்டியிருக்கேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிவி முன்னாடி உக்காரவச்சு, அதோ மாயி, அதோ மாயின்னு காட்டறேன். அவ மறந்துடக் கூடாதேன்னு. நீ இங்க ஒரு ஆள்கிட்டகூட அவ பேரைச் சொன்னதில்லையா?"

"சொன்னா, எங்க இருக்கான்னு கேப்பாங்க."

கிராசா பெஞ்சில் இருந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். 

"எனக்குக் கோபமில்ல" என்றாள். "ஆனா இப்படிப் பாதி அங்க பாதி இங்கன்னு அவளை வச்சிருக்க முடியாது. ஸ்கூல்ல அம்மா பேர் என்னன்னு கேட்டா முழிக்கறா. எங்களுக்குத் தத்து குடு. இல்லையா, வந்து கூட்டிட்டுப் போ. சீசன் முடிய இன்னும் நாலு வாரம் இருக்கு. நீ எது பண்ணாலும் நான் உன் தங்கச்சிதான்."

"கூட்டிட்டுப் போன்னு சும்மா சொல்றியா, நிஜமா சொல்றியா?"

"நிஜமாத்தான்." கிராசா தோள்பையைத் திறந்தாள். "குடுத்துட்டு நான் என்ன ஆவேன்னு கேக்காத. அது என் பாடு."

ஒரு பழுப்பு உறையை எடுத்து டேலியாவின் கையில் வைத்தாள். கட்டிக்கொண்டாள். 

இனேஸ் எழுந்து வந்தாள். இந்த முறை யாரும் தள்ளாமலே டேலியாவின் இடுப்பை ஒரு நொடி கட்டிப் பிடித்துவிட்டு விட்டாள்.

"டிவில நீங்க பெருசா இருக்கீங்க" என்றாள். "நேர்ல கொஞ்சூண்டுதான் இருக்கீங்க."

ஏதோ சொல்ல வருகிறவள் மாதிரி அங்கேயே நின்றாள். "நேரமாச்சு, வா" என்று கிராசா கூப்பிட்டாள். இனேஸ் போய்விட்டாள்.

•

டேலியா காரில் ஏறி, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கித் தெறித்தது. அணிக்காரர்கள் வெற்றியைக் கொண்டாட எங்கோ ஓர் உணவகத்தில் கூடியிருப்பதாகப் போனில் செய்தி வந்தது. வருகிறாயா என்று தனியாக யாரும் கேட்கவில்லை. எப்போதும் போகாதவளை எதற்குக் கேட்பார்கள்?

ஆறு மணி தாண்டியதும் உறையைப் பிரித்தாள்.

முதல் காகிதம் அவளுக்கானது. பெற்ற தாயின் சம்மதம். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள் கிராசா.

இரண்டாவது தகப்பனின் சம்மதம். அது காலியாக இருக்கும் என்றுதான் டேலியா நினைத்தாள். ஏழு வருடமாக ட்ராவிஸ் இருக்கிற இடமே யாருக்கும் தெரியாது.

அதில் கையெழுத்து இருந்தது. சாய்ந்த, அவசரமான, அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. பக்கத்தில் நோட்டரி முத்திரை. தேதி, போன நவம்பர் பதினாறு.

அவள் முழங்கால் கிழிந்ததற்கு மறுநாள். ஆகஸ்டு ஆபரேஷனுக்கு ஒன்பது மாதம் முன்னால்.

கிராசாவுக்குப் போட்டாள். அணைந்திருந்தது. விமானம் கிளம்பியிருக்கும். டுவார்ட்டேவுக்குப் போட்டாள்.

"டேலியாவா? பாத்தேன் பாத்தேன். என்ன ஓட்டம் ஓடின. கால் எப்படி இருக்கு?"

"டுவார்ட்டே, ட்ராவிஸ் கையெழுத்து எப்படிக் கிடைச்சுது?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"அவ சொல்லலையா?"

"ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தான் யோசிச்சோம்னா. இந்தக் காகிதம் அதுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே உங்க வீட்டுக்கு வந்திருக்கு. நீங்க போய் அவனைத் தேடினீங்களா?"

"நாங்க தேடல." டுவார்ட்டே பெருமூச்சு விட்டான். "அவனா வந்தான். உன் அரையிறுதி அன்னிக்கு, நீ ஆடிட்டு இருக்கே, வாசல்ல வந்து நிக்கறான். பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்னு. கிராசா அழுதா, கத்தினா. அவன் அசையல. இனேஸோட கொஞ்ச நேரம் தனியா பேசணும்னான். சரின்னு பின்கட்டுல விட்டோம். ஒரு அரை மணி நேரம் இருக்கும். வெளிய வந்தவன், பொண்ணை நீங்களே வச்சுக்கங்க, எங்க கையெழுத்து போடணும்னு கேட்டான். மறுநாளே போட்டுக் குடுத்துட்டு போயிட்டான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அன்னிக்கு உன்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறதை டிவில பாத்துட்டு இருக்கோம். அப்புறம் ஆபரேஷன். அப்புறம் சொல்ற நேரம் தாண்டிப் போச்சு. காகிதத்தை அவ பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. ஆகஸ்ட் வரைக்கும் தொடவே இல்ல, நம்பு."

டேலியா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "பின்கட்டுல அவன் அவகிட்ட என்ன பேசினான்?"

"தெரியாது."

"கேட்டீங்களா?"

"எத்தனை தடவை. வாயே திறக்க மாட்டேங்கறா." டுவார்ட்டே கொஞ்சம் தயங்கினான். "அந்த அங்கிள் மாயிகிட்ட மட்டும்தான் சொல்லச் சொன்னாராம். அதைச் சொல்லத்தான் ஒமாஹாவுக்கு வர்றேன்னு அடம்புடிச்சா. என்ன டேலியா, இன்னிக்கு முழுக்க உன்கூடத்தானே இருந்தா? ஒண்ணும் சொல்லலையா அவ?"